விழுங்கும் வரை

ஜூன் 3, செவ்வாய்

காரட்டை மூன்று விசில் விட்டு, மிக்ஸியில் அடித்து, வடிகட்டியில் தேய்த்து இறக்கினேன். மேலே தங்கிய நாரை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வெறும் நார்தான். ஆனால் நார் தொண்டையில் ஒட்டும். தூக்கிப் போட்டுவிட்டுச் சாதத்தையும் அதே ஜாரில் அடித்துக் கலந்தேன். வாண்டுக்கு ஒரு கிண்ணம், எனக்கு ஒரு கிண்ணம். எனக்கென்று தனியாகச் சமைக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது.

அவர் வேலை முடிந்து வந்தார். நாள் முழுக்க யார் யார் வீட்டு ஃபிரிட்ஜையோ பழுது பார்த்துவிட்டு வருகிறவர், வந்ததும் மகளின் வாயைத் திறந்து பார்த்தார். "மூணரை வயசுக்கு வாய் நிறையப் பல்லு. ஒண்ணுக்கும் வேலை இல்லை. சும்மா கிடக்கறதுக்கு வாடகைக்கு விட்டுடலாமா வாண்டு?"

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் தன் தட்டிலிருந்து ஒரே ஒரு பருக்கையை எடுத்து அவள் வாய்ப் பக்கம் கொண்டுபோனார். என் கை அவர் கையைத் தட்டிவிட்ட பிறகுதான் தட்டிவிட்டது எனக்கே தெரிந்தது.

ஜூன் 5

எப்படியோ ஒரு பிரெட் துணுக்கை வாண்டே வாயில் போட்டுக்கொண்டாள். இருமினாள். இருமினால் காற்று போகிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டியதில்லை. படித்திருக்கிறேன், எத்தனையோ தடவை. அதற்குள் என் விரல் அவள் வாய்க்குள் இருந்தது.

ஜூன் 11, புதன்

மழலையர் பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். ஏதோ ஒரு குழந்தையின் பிறந்தநாளாம். பிஸ்கட் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்க வேண்டாமென்று முதல் நாளே கெஞ்சியிருந்தேன்.

"காலைல குடுத்த பிஸ்கட் மத்தியானம் வரைக்கும் கன்னத்துலயே இருக்குங்க. முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை."

நேராக டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டையில் ஒன்றுமில்லை, நாக்கில் ஒன்றுமில்லை. மெல்லத் தெரியவில்லை, அவ்வளவுதானாம். எடை போட்டார். போன தடவையைவிடக் குறைவு.

"இன்னும் மூணு மாசம் பார்க்கலாம். இப்படியே இறங்கிட்டே போனா ஆஸ்பத்திரியில சேர்த்து மூக்கு வழியா டியூப் போட வேண்டி வரும்."

மூக்கு வழியாக. டியூப்.

பிறகு மேஜையில் இருந்த பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு பிஸ்கட்டை உடைத்து வாண்டின் கையில் கொடுத்தார். அவள் வாயில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்தேன். சிரித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கவனிச்சீங்களாம்மா? முழுங்கலாமா வேண்டாமான்னு உங்க மூஞ்சியைப் பார்த்துக் கேக்கறா."

ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மனநல ஆலோசகரின் பெயரும் நேரமும். குழந்தைக்கு என்று நினைத்தேன். எனக்காம்.

ஜூன் 12

தூக்கம் வரவில்லை. எல்லாம் அந்த வாழைப்பழத்தில் ஆரம்பித்தது. அப்போது அவள் பத்து மாதக் குழந்தை. நான்தான் ஊட்டினேன். ஒரு துண்டு. சத்தமே வரவில்லை. அழவில்லை, இருமவில்லை, வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். உதடு ஊதா நிறமாகிக்கொண்டு வந்தது. நான் நின்றேன். சும்மா நின்றுகொண்டிருந்தேன். அவர்தான் பாய்ந்து வந்து அவளைக் கையில் கவிழ்த்து முதுகில் தட்டினார். துண்டு தரையில் விழுந்தது. அவள் கத்தி அழுதாள். மிச்சமிருந்த வாழைப்பழத்தை அவர் நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்துவிட்டு, தோலைக் குப்பையில் போட்டார்.

அவருக்கு அது அன்றோடு முடிந்தது. எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

ஜூன் 17

ஆலோசகர் என்னைவிடச் சின்னப் பெண். பொறுமையாகக் கேட்டாள். இதற்கு ஒரு பெயர்கூட இருக்கிறதாம், எழுதிக் காட்டினாள். எனக்கு முன்பே தெரியும். பெயர் தெரிந்தால் போய்விடும் என்றால் படித்தவர்கள் யாருக்கும் பயமே இருக்கக் கூடாது.

"பயம் வரும்போது ஒண்ணும் பண்ணாதீங்க. கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. வந்தது தானா எழுந்து போயிடும்."

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அப்படித் தானாக எழுந்து போனதில்லை என்று சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, மெத்தென்று வெந்த உருளைக்கிழங்கு, ஒரு துண்டு. நான் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவேதான்.

ஜூன் 22, ஞாயிறு

முடியல. என்னால முடியல.

உருளைக்கிழங்கு அப்படி வெந்திருந்தது, தொட்டாலே உடைந்தது. கையைக் கட்டிக்கொண்டேன். அவர் பக்கத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். வாண்டு வாயில் வைத்தாள். நாக்கால் ஒரு தடவை புரட்டினாள். என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மறுபடி அவளைப் பார்த்தபோது அவள் தொண்டை ஓங்கரிக்கிற மாதிரி எக்கியது. அவ்வளவுதான், எக்கத்தான் செய்தது, அது சாதாரணம் என்று அந்த ஆலோசகப் பெண்கூடச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

எப்போது மேஜையைத் தாண்டினேன் என்று தெரியாது. உருளைக்கிழங்கு என் விரலில் இருந்தது. அவள் அண்ணத்தில் என் நகம் கீறி ரத்தம்.

அவள் அழவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். அழவே இல்லை. நான் விரலை விடுவதற்கு வசதியாக வாயை இன்னும் பெரிதாகத் திறந்து காட்டினாள்.

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார்.

ஜூன் 23

நகங்களை ஒட்ட வெட்டிவிட்டேன். வெட்டும்போதே தெரிந்தது, இது மறுபடி விரலை விடுவதற்கான ஏற்பாடு.

ஜூன் 24

மிக்ஸி சுற்றவில்லை. மோட்டார் ஓடுகிறது, ஜார் சும்மா நிற்கிறது. சரிசெய்துவிடுங்கள் என்றேன். பார்த்துவிட்டு, "சாமான் வாங்கணும், ரெண்டு மூணு நாள் ஆகும்" என்றார். ஊர் ஃபிரிட்ஜை எல்லாம் ஒரே மணி நேரத்தில் சரிசெய்கிறவர்.

கடைக்குப் போய் இன்னும் சன்னமான சல்லடை ஒன்று வாங்கி வந்தேன். கரண்டியால் சாதத்தைத் தேய்த்துத் தேய்த்து இறக்கினேன். வாண்டு பக்கத்தில் நின்று, "அம்மா வேலை செய்யுது" என்று பொம்மையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

துணி துவைக்க எடுக்கும்போது அவர் சட்டைப் பையில் கனமாக ஏதோ. மிக்ஸியின் உச்சியில் இருக்குமே, ஜாரைப் பிடித்துச் சுற்றும் கறுப்புச் சக்கரம், அது. உடையவில்லை. தேயவில்லை. கழற்றி எடுத்து வைத்திருந்தார்.

"என்ன இது?"

அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "ஒரு வாரம் மிக்ஸி இல்லாட்டி நீ வேற வழிக்குப் பழகிடுவேன்னு நினைச்சேன். நீ சல்லடை வாங்கிட்டு வந்துட்ட."

"உங்களுக்கு இது விளையாட்டாப் போச்சா?"

"விளையாடறேனா? குழந்தைக்குக் கன்னம் ஒட்டிப் போச்சு. நீ அவ தொண்டையை மட்டுந்தான் பார்க்கற. அவளைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு?"

என்னென்னவோ கத்தினேன். அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களை மன்னிக்க மாட்டேன்னு சொன்னேன். ஆகிட்டுதான் இருக்குன்னார். அக்கா வீட்டுல மத்தியானம் மத்தியானம் விட்டுப் பார்க்கலாம்னார். அங்கயா? தையல் வீடு அது, வீடு முழுக்கப் பட்டன்.

சக்கரத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நானே மாட்டிக்கொண்டேன். சாயங்காலம் பீட்ரூட் அடித்தேன்.

ஜூலை 2

நாத்தனார் கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திறங்கினார். அக்காவும் தம்பியும் முன்கூட்டியே பேசி வைத்தாயிற்று என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"அண்ணி, உங்க வீட்டுல டப்பா டப்பாவாப் பட்டன் இருக்கே."

"உன் பொண்ணு சோத்தையே முழுங்க மாட்டேங்கறா, என் பட்டனையா முழுங்கப் போறா? எல்லாத்தையும் பீரோ மேல ஏத்திடறேன். நம்பிக்கை இல்லைன்னா பீரோ மேலயே ஏறி நீ காவலுக்கு உக்காந்துக்கோ."

எல்லோரும் சிரித்தோம். என்னவென்று புரியாமலே வாண்டும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் சரி என்று சொல்லிவிட்டேன். அந்த டியூப்பும் ஞாபகத்துக்கு வந்தது.

ஜூலை 7, திங்கள்

வாண்டை அண்ணி வீட்டில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். ஜன்னல் என் தலைக்கு மேலே. தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. தட்டு வைக்கும் சத்தம்.

"இது வெள்ளரிக்கா. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. யார் சத்தம் பெரிசுன்னு பார்ப்போமா?"

நறுக். அது அண்ணி.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் நறுக் என்று ஒரு சின்னச் சத்தம். என் மகள் கடித்த சத்தம். இத்தனை நாளில் நான் கேட்டதே இல்லை.

"அட, என்னைத் தோக்கடிச்சிட்டியே. இந்தா, இன்னொண்ணு."

நறுக், நறுக். நடுவில் சிரிப்பு வேறு. ஒவ்வொரு நறுக்குக்கும் அடுத்த மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அப்படியே எழுந்து போயிருக்கலாம். போயிருக்கணும். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமே என்று எழுந்து எட்டிப் பார்த்தேன்.

பார்த்துவிட்டாள். தாடை அப்படியே நின்றது. வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பி, ஜன்னல் பக்கம் நீட்டிக் காட்டினாள்.

"எடுத்துட்டேன்மா."

ஜூலை 9

அண்ணி போனில், குரலை ரொம்பத் தாழ்த்தி: "தப்பா எடுத்துக்காதே கண்ணு. கொஞ்ச நாளைக்கு நீ இந்தப் பக்கம் வராதே."

தப்பாக எடுத்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது.

ஜூலை 18

மதியம் இப்போது அவரே கொண்டுபோய் விடுகிறார். இன்று போட்டோ அனுப்பியிருந்தார்கள். வாண்டு கையில் ஆப்பிள், அதில் ஒரு கடி. கன்னம் உப்பிச் சிரிக்கிறாள். இந்தச் சிரிப்புக்காகத்தானே இவ்வளவும்.

பெரிதாக்கிப் பார்த்தேன். சிரிப்பை இல்லை. ஆப்பிளில் எவ்வளவு பெரிய துண்டு காணோம் என்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடுமுறை நாளில்தான் சிக்கல். நான் அறையில் இருந்தால் வாண்டு வாயைத் திறப்பதில்லை. முதுகைக் காட்டி நின்று பார்த்தேன். திரை போட்டுப் பார்த்தோம். திரைக்குக் கீழே என் காலைப் பார்த்துவிட்டுக் கன்னத்திலேயே வைத்துக்கொண்டாள்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். அவர்கள் சாப்பிட உட்காரும்போது நான் குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக் குழாயைத் திறந்து வைத்துக்கொள்வது. தண்ணீர்ச் சத்தம் கேட்கிற வரைக்கும் அம்மா உள்ளேதான் என்று அவளுக்குத் தெரியும். சாப்பிட்டுவிடுகிறாள். முடிந்ததும் அவர் கதவைத் தட்டுவார்.

வாளி நிரம்பி வழிந்தது. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

ஆகஸ்ட் 14

எடை ஏறியிருக்கிறது. டியூப் என்ற பேச்சையே டாக்டரம்மா எடுக்கவில்லையாம். வாண்டைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே வந்துதான் சொன்னார். நான் வராந்தாவில் இருந்தேன். அவர் கண்ணில் தண்ணீர். எனக்கும் சந்தோஷம்தான். பொய் இல்லை.

கொண்டாட்டமாக கேன்டீனில் ஆளுக்கு ஒரு பன் வாங்கித் தந்தார். ஒரு வாய் கடித்தேன். மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். விழுங்கப் போகும்போது தொண்டை சாத்திக்கொண்டது. அவர் பார்க்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் துப்பினேன்.

எவ்வளவு நாளாக நான் கிண்ணத்துச் சாப்பாட்டையே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்? இரண்டு வருஷத்துக்கு மேல். கவனிக்கவே இல்லையே.

ஆலோசகப் பெண் கூப்பிட்டாள். போன இரண்டு வாரமும் நான் போகவில்லை. "நல்ல முன்னேற்றம், குழந்தை எல்லாம் சாப்பிடறா" என்றேன். "நீங்க?" என்றாள். அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24

வாண்டு இப்போது வார நாட்களில் ராத்திரியும் அத்தை வீட்டில்தான். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. முதலில் பல் பிரஷ் போனது. அப்புறம் ராத்திரிச் சட்டை. போன வாரம் பொம்மையும் போய்விட்டது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அவர் எனக்கு ஒரு சின்ன ஜார் வாங்கி வந்திருக்கிறார்.

"பெரிய ஜார்ல ஒரு ஆளுக்கு அடிச்சா பிளேடுக்கு எட்டாது, ஒட்டிக்கும்" என்றார். தானே மாட்டி, ஒரு தடவை தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்து, மூடியைத் துடைத்து வைத்தார். சக்கரத்தைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்த அதே மனிதர். அன்று அப்படிக் கத்தினேன். இன்று நன்றி என்றுகூடச் சொல்ல வாய் வரவில்லை.

மதியம் வாண்டு வந்தாள். அத்தை தைத்த புதுச் சட்டை, முன்னால் வரிசையாகப் பெரிய பெரிய பட்டன். நான் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நான் விழுங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாக்குப் பல்லு இல்லையாப்பா?"

"இருக்குடா" என்றார். வாடகை, கீடகை என்று ஒன்றும் சொல்லவில்லை.

அவள் இன்னும் கடிக்காமல்தான் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுக் குழாயை முழுதாகத் திறந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே எதுவும் கேட்கவில்லை.