பின்கதவுக் கல்

இன்று காலை பின்கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்து மோந்து பார்த்தேன். டயர் வாசம் இன்னும் போகவில்லை. நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. கல்லின் ஒரு பக்கத்தில் கறுப்புத் தீற்றல் அப்படியே இருக்கிறது.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் நம் சின்னவள். எனக்கு எழுத வராது, உனக்குப் படிக்க வராது, அப்புறம் இது யாருக்கு என்று சிரித்தாள். "நீ எழுதுத்தா. ஒங்கம்மாகிட்ட கொஞ்சம் பேச வேண்டியிருக்கு" என்றேன். அவளுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன் என்பது அவளுக்கும் தெரியும்.

பெரியவன் நேற்றும் போன் போட்டான். "சொல்லிட்டீகளாப்பா? அந்தக் கார வித்துத் தொலைக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பா." நாளை விடிந்ததும் சின்னவள் தன் இரண்டு சீட்டுக் காரை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குக் கிளம்புகிறாள். அங்கே ரேஸ் ஓட்டும் பாதையில், பேர் கொடுத்துவிட்டால் நாள் முழுக்க அவரவர் காரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். போ என்பதா, வேண்டாம் என்பதா? நீ இருந்தால் உன்னிடம் தள்ளிவிட்டு டீக்கடைக்குப் போயிருப்பேன்.

இந்தக் கல் வந்த நாள் எனக்கு மறக்கவில்லை. கல்யாணமான புதிது. குமுளியிலிருந்து நான் தேயிலை ஏற்றி ஓட்டிவந்த லாரியில் நீயும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். இறக்கத்தில் நீதான் முதலில் மூக்கைச் சுளித்தாய்.

"என்னாக, என்னமோ கருகுது?"

"ஒன் சமையல் வாசம் இங்கனயும் வருதுபோல."

சொல்லி வாய் மூடவில்லை, காலுக்கடியில் பிரேக் இறங்கிப்போனது. கியரைக் குறைத்து, வண்டியை மலைப்பக்கம் ஒட்டி எப்படியோ நிறுத்தினேன். கிளீனர் இல்லாத நாள். நீ சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குதித்தாய். ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டாய். பிரேக் ஆறிக் கிளம்பும்போது அதைத் திரும்ப எடுத்து வண்டிக்குள் வைத்தாய். போட்டுவிட்டு வா என்று நான் கத்தினேன். "பின்னாடி பைக்குல வர்றவன் இதுல ஏத்தி விழுகவா? அவன் பொண்டாட்டி என்னைய வய்யவா?" என்றாய். அப்படி வந்த கல் நம் பின்கதவுக்கு முட்டாக நின்றுவிட்டது.

சின்னவள் தேனியில் பேங்க் வேலைக்குச் சேர்ந்து, பழைய காராகப் பார்த்து இதை வாங்கினாள். அதன் பிறகு நீங்கள் இரண்டு பேரும் அடிக்கடி பழனிக்குப் போனீர்கள். முருகன்மேல் உனக்குத் திடீரென்று இத்தனை பக்தியா என்று நினைத்துக்கொள்வேன். ஒரு தடவை கேட்டேவிட்டேன். "விபூதி வாசத்தையே காணோம். டயர் வாசம்ல வருது?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்னா வேற என்ன வாசம் வரும்?" என்று அடுப்படிக்குள் போய்விட்டாய். படுக்கையில் விழுந்த பிறகுதான் உண்மையைச் சொன்னாய். "பழனிக்கெல்லாம் போகல. கோயம்புத்தூர்ல அவ ஓட்டுவா, நான் ஓரமா ஒக்காந்து பாப்பேன். அவள நிறுத்தாதீக. தனியாவும் விட்றாதீக." இரண்டையும் சேர்த்து எப்படிச் செய்வது என்று மட்டும் நீ சொல்லவில்லை.

போன மாதம் அந்தப் பாதைக்கு உன் இடத்தில் நான் போனேன். அதற்கு முந்தின வாரம் தனி வீலில் புது டயர் நாலு வந்து இறங்கியது. தடவிப் பார்த்தால் வரி இல்லை. பேருக்கு அங்கொன்று இங்கொன்று கீறல். காலமெல்லாம் மொட்டை டயருக்குப் பயந்து லாரி ஓட்டியவன் நான். சின்னமனூர் டயர்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம ஆளுக ஓட்டி ஓட்டி மொட்டையாக்குவாக. ஒங்க மக மொட்டையாவே வாங்கிருக்கா. மழை மட்டும் வரக்கூடாது, அப்பிடியே மிதக்கும்." காய்ந்த தரையில் அது பிசின் மாதிரி பிடிக்கும் என்று சின்னவள் சொன்னாள்.

அன்று மழை இல்லை. நேர்பாதை முடிகிற இடத்தில் எல்லாக் காரும் பிரேக் போட்டுத் திரும்பின. இவள் ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிரேக் போட்டாள். டயர் பிடித்தது. அப்புறம் ஒரு சுற்றில் கார் திரும்பவில்லை. நேரே போய் ஜல்லிக்குள் இறங்கிப் புழுதியில் மறைந்துவிட்டது. உன்னைத்தான் கூப்பிட்டேன்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார் மெதுவாக நகர்ந்து வந்து கார் நிறுத்த எங்களுக்குக் கொடுத்திருந்த கொட்டகைக்கு முன்னால் நின்றது. முன்சக்கரம் இரண்டிலும் புகை. அதே கருகல் வாசம். பழக்கத்தில் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அப்பா, ஊத்தாதீக! சூட்டுல பிரேக் டிஸ்க் வெடிச்சிரும்!"

தரை கொஞ்சம் சரிவு. வண்டி பின்னால் நகர்ந்தது. "ஹேண்ட் பிரேக்கப் போடு" என்றேன்.

"சூட்டுல போட்டா ஒட்டிக்கிரும். இஞ்சினும் ஓடித்தான் ஆறணும், கியர்லயும் போட முடியாது. அம்மா கல்லு எங்கப்பா?"

"என்ன கல்லு?"

"சக்கரத்துக்குப் போடுற கல்லு. அம்மா மடியில வச்சுக் கொண்டாருமே."

நீங்கள் 'பழனி'க்குப் போன நாளெல்லாம் பின்கதவு ஏன் அடித்துக்கொண்டே கிடந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அங்கே சுற்றிலும் சிமிண்டுத் தரை, ஒரு கல் இல்லை. காருக்குப் பின்னால் போய் என் முதுகைக் கொடுத்து நின்றேன்.

திரும்பும்போது ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க நின்றோம். "பிரேக்கு பத்தாதுன்னு ஒனக்குத் தெரியாதாத்தா?"

"தெரியும்ப்பா. டயரு நல்லாப் பிடிச்சா வேகம் கூடும். வேகம் கூடுனா பிரேக்கு சூடாகும். பிரேக் ஆயில் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிப் போகும்."

"தெரிஞ்சுமா டயர மட்டும் மாத்துன?"

"டயர் மாத்துனா சுத்துக்கு எத்தன செகண்டு கொறையுதுன்னு கண்ணுல தெரியும். பிரேக்க மாத்துனா என்ன தெரியும்?" டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். டீக்குக் காசு கொடுக்க எழுந்தேன்.

இப்போது பிரேக்கும் வந்துவிட்டது. புது பிரேக் பேடு, லேசில் கொதிக்காத ஆயில். முழு ரேஸ் பேடு வேண்டாம் என்று விட்டுவிட்டாளாம். அது சூடானால்தான் பிடிக்குமாம், ஆறிய பேடோடு ரோட்டில் வீடு வந்து சேர முடியாதாம். சூட்டைக் கண்டு பயந்தே மலை இறங்கியவர்கள் நாம். இங்கே சூடு இல்லாவிட்டால் பயம். நடுத்தரமாக ஒன்றை எடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வருவதையும் நினைத்துத்தான் வாங்கியிருக்கிறாள் என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. முழுசாக ஆறவில்லை.

இதை எழுதும்போதே கேட்டேன். "பிரேக்கும் புதுசு, டயரும் பிசினு. ரெண்டும் சேந்தா இன்னும் எம்புட்டுத் தள்ளிப் பிரேக் போடுவ?"

பேனா நின்றுவிட்டது. "கொஞ்சம்" என்றாள்.

அந்தக் கொஞ்சத்துக்குத்தான் எனக்குப் பயம். நான் வீடு வந்து சேர்வதற்காகப் பிரேக்கை மிதித்தவன். இவள் இன்னும் வேகமாகப் போவதற்காக மிதிக்கிறாள். நிறுத்து என்று சொன்னால் நிறுத்திவிடுவாள். அப்புறம் அந்த முகத்தை நான்தான் தினமும் பார்க்க வேண்டும். ஓட்டு என்று சொல்லி ஏதாவது ஆனால், உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

இதை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதினாள். எழுதிவிட்டு எழுந்து போனாள். கார் நிற்கும் செட்டில் ஸ்பானர் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது கையெல்லாம் கறுப்பு.

"பழைய டயர் வீலயே மாட்டிட்டேன். நாளைக்கு இதுலயே ஓட்டி, பிரேக்க மட்டும் பழகிக்கிறேன்."

"அடுத்த மாசம்?"

"அத அடுத்த மாசம் கேளுங்க."

பெரியவனுக்குப் போன் போட்டு, நானும் கூடப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். கத்தினான். கத்தட்டும், அவனுக்கும் பயம்தானே.

கல்லைச் சாக்கில் சுற்றி, காரில் என் சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டேன். நாளை வண்டி நிற்கும்போதெல்லாம் நான் குனிந்து போட வேண்டும், கிளம்பும்போதெல்லாம் மறக்காமல் எடுக்க வேண்டும். இங்கே ஆடிக் காற்றுக்குப் பின்கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. வேறு கல் கொண்டுவந்து வைக்கட்டுமா என்று இவள் கேட்கிறாள். வேண்டாம், நாளை ராத்திரி இதையே கொண்டுவந்து வைப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.