பெட்டகத்தில் பூட்டிய வைஃபையை விடுவிக்க இளவரசி வேல்நங்கை விடுத்த ஓலை

ரவுட்டரைப் பொக்கிஷ அறையின் இரும்புப் பெட்டகத்திலிருந்து வெளியே எடுத்து நடுமுற்றத்தில் வைக்க வேண்டும். வாழ்த்துக்கு முன்னே வழக்கை வைப்பது ஓலை மரபன்று என்பதும், பொக்கிஷத்துப் பொருளைப் பற்றி அரண்மனைப் பெண்கள் வாயே திறக்கலாகாது என்பதும் இளவரசி வேல்நங்கை அறியாததல்ல. அறிந்தேதான் கேட்டாள். இனி வாழ்த்து.

வெண்கோட்டு நாடுடைய வேந்தர், ஏழு ஏரிக்கு இறைவர், பகைவர் முன் பல் தெரியச் சிரித்தறியாதவர், தந்தையார் மாறவேள் பெருமான் திருமுன்னர்: தங்கள் கொடி உயர்க, குளங்கள் நிறைக, சிக்னலும் பெருகுக. இக்குலத்தில் பட்டம் கட்டிக்கொண்டவர் பலர்; பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கியவள் ஒருத்தியே. அந்த ஒருத்தி தன் கையாலேயே எழுதும் ஓலை இது.

அணைக்கட்டுக் கலையில் தேறிய இளவரசியைத் தம் நாட்டு அணைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு எடுக்க எண்ணிய மணற்றுறை நாட்டார், கணினி வழியே முகம் பார்த்துப் பேச நாள் குறித்தனர். அந்தப்புரத்திலோ சிக்னல் ஒரே ஒரு கோடு. அதுவும் பலமாக மூச்சுவிட்டால் போய்விடும். தன் பெயரைச் சொல்ல வாய் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே திரையில் உறைந்து நின்றது. கேள்வி கேட்க அமர்ந்திருந்த பெரியவர்கள், பெண் கொட்டாவி விடுகிறாள் என்று எண்ணினராம். விவரம் தெரிந்ததும் இரக்கப்பட்டு, இன்று முற்பகலில் மீண்டும் அழைத்திருக்கின்றனர். இதுவும் அறுந்தால் வேலை வேறொருவருக்கு.

கெடுத்தது "வலு" என்ற ஒரு சொல்தான். சிக்னலில் வலுவில்லை என்று இளவரசி முதன்முதலில் முறையிட்டபோது, படை நடத்தியே பழகிய அமைச்சர் ஏனாதி கொற்றனார், வலுவில்லையேல் வலுப்படுத்துக என்று கொண்டு, ரவுட்டருக்குச் சந்தனம் பூசி இரும்புப் பெட்டகத்தில் ஏற்றினார். முன்பைவிடக் குறைந்துவிட்டது என்றாள். பெட்டகத்துக்குச் செப்புத் தகடு போர்த்தினார். அறவே இல்லை என்றாள். கேடயம் ஏந்திய காவலரைச் சுற்றிலும் நிறுத்தினார். இரும்பு அலையைத் தடுக்கும், தடித்த சுவர் அதை இளைக்கச் செய்யும், வீட்டின் நடுவே உயரத்தில் திறந்த இடத்தில் வைத்தாலே எல்லா அறைக்கும் பரவும் என்று அவள் தொண்டை வறளச் சொன்னதெல்லாம், அவையில் பல்லி சொன்ன அளவுக்குக்கூடக் கவனிக்கப்படவில்லை.

இன்று காலை அவையில் நடந்ததைத் தாங்களே கண்டீர்கள். ஆயினும் பதிவில் இருக்கட்டும். "பெட்டகத்தைத் திறந்தா உள்ள இருக்கிற சிக்னல் எல்லாம் வெளிய போயிடுமே இளவரசி!" என்றார் ஏனாதியார். "போகணும் ஐயா, போகத்தானே கேக்கறேன்!" என்றாள் இவள். தாங்களோ, "அம்மாடி, நாலெழுத்து படிச்சிட்டா இரும்பையே குறை சொல்லலாமா? உங்க பாட்டனார் தலையக் காப்பாத்தின இரும்பு அது" என்று அருளினீர்கள். "அன்னிக்கு வாளைத் தடுத்துச்சு அப்பா. இன்னிக்கு இதையும் தடுக்குது" என்றாள். அவை சிரித்தது. தாங்கள் சிரிக்கவில்லை. முதல் பெட்டகத்தின் மேல் இரண்டாம் பெட்டகம் செய்க, ஒரு வேலை போனால் போகட்டும் என்று தீர்ப்பானது.

அவையை விட்டு வந்த இளவரசியைத் தாயார் பெரியதேவியார் தாழ்வாரத்தில் மறித்து, "பொக்கிஷச் சாவிய எங்க வெச்சேன்னே தெரியலடி. நீ பாட்டுக்கு உன் தலகாணிக்கு அடியில தேடிடாதே" என்று கடிந்துவிட்டுப் போனார். இளவரசி சொல்பேச்சுக் கேளாதவள், தேடினாள். காவலர் தலைவரோ, "பெட்டியக் காக்கச் சொல்லித்தான் உத்தரவு தாயி. பெட்டி இங்கனதான இருக்கு" என்று வழிவிட்டார். குற்றம் உண்டெனில் அது இளவரசி ஒருத்தியுடையதே. ரவுட்டர் இப்போது அவள் மடியில் இருக்கிறது; சந்தனம் காய்ந்து உதிர்கிறது.

ஆகவே, தங்கள் அவையில் இவ்வோலை வாசிக்கப்படும்போது பெட்டகம் வெறுமையாயிருக்கும். இரண்டாம் பெட்டகம் செய்யத் தடையில்லை. வெற்றிடத்தை வலுப்படுத்துவதில் ஏனாதியார்க்கு நிகரில்லை. நேர்காணல் முடியும்வரை நடுமுற்றத்துப் பக்கம் யாரும் இரும்புச் சாமானோடு வரவேண்டாம். ஏனாதியார் சாமான் இல்லாமலும் வரவேண்டாம். வேலை கிடைத்தால் இளவரசி இம்மாதமே மணற்றுறைக்குப் புறப்படுவாள். அப்போது தங்களிடம் ஆசி கேட்பாள். அனுமதி கேட்கமாட்டாள்.

இது வேல்நங்கையின் ஆணை. அரச மோதிரம் தங்கள் விரலில் இருப்பதால், குலத்தின் முதல் பட்டதாரி அரக்கில் பெருவிரலை அழுத்திக் கைநாட்டு வைக்கிறாள். அரக்கு உலரும்வரை நிற்க நேரமில்லை. ஓலையை வாயிற்காவலரிடம் நீட்டிவிட்டு, ரவுட்டரை இடுப்பில் ஏந்தி, நீண்ட கம்பி பின்னால் தரையில் இழுபட, நடுமுற்றத்தை நோக்கி நடக்கிறாள்.