மூன்று கடைகளை விட்டுக்கொடுத்தது பற்றி

தண்ணீரூற்று,
22.08.2025

அன்புள்ள மீராசாகிபு,

உமக்கும் ஸாலிஹா அவர்களுக்கும் என் சலாம். புத்தளத்தில் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்றும், ஸாலிஹா அவர்களின் முழங்கால் வலி புதிய மருந்துக்குக் கொஞ்சமாவது இறங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம். சிறுபோக அறுவடை முடியப் போகிறது. பிரதான வீதியின் ஒரு பாதியில் நெல் காய்கிறது, மறு பாதியில் பேருந்து ஓடுகிறது. விலை போதாது என்று எல்லோரும் குறை சொல்கிறார்கள். சந்தையில் சனம் மட்டும் குறையவில்லை.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உம்முடைய வணிக வளாகத்தின் விரிவாக்கத்துக்குப் பிரதேச சபையின் திட்டமிடல் குழு நேற்று முன்தினம், புதன்கிழமை, அனுமதி வழங்கியது. சுற்றாடல் அறிக்கையும் ஒரு திருத்தத்தோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. பதினொரு மாத அலைச்சலுக்குப் பிறகு இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அனுமதி ஒரு நிபந்தனையோடு வந்திருக்கிறது; அந்த நிபந்தனையை முன்மொழிந்தவன் உம்முடைய சட்டத்தரணியாகிய நான்தான். உம்மைக் கேட்காமல், உம்முடைய பெயரில், பின்வரிசையில் வரவிருந்த மூன்று கடைகளை விட்டுக்கொடுத்துவிட்டேன். அவற்றில் ஒன்று உம்முடைய மகள் றிஸ்னாவின் மருந்துக்கடைக்கென்று நீர் ஒதுக்கியது.

உம்முடைய மகன் ஸுஹைப் இதை உமக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பான். அவன் சொன்னது பொய்யாக இராது. கோபத்தில் சொன்னதால் சில விவரங்கள் விடுபட்டிருக்கலாம். நேற்று இரண்டு தடவை நான் அழைத்தேன், நீர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால், சரி விடும், நடந்தது நடந்ததுதானே என்று சொல்லியிருப்பீர். அந்தச் ‘சரி’ எனக்கு வேண்டாம். நடந்ததை எழுத்தில் வாசித்து, ஆறுதலாக யோசித்து, பிறகு தீர்மானியும்.

விடயம் வளாகத்தின் பின்புறப் பாதையைப் பற்றியது. சந்தைக்கு வரும் சனம் குறுக்கே சைக்கிளில் வரும் அந்த மணல் பாதையை நீர் அறிவீர். மாரியில் மேலே குளம் நிரம்பி வான் பாயும்போது, மேலதிகத் தண்ணீர் அதே பாதையால்தான் வயலுக்கு இறங்கும். எட்டு மாதம் பாதை, நான்கு மாதம் வாய்க்கால். இது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சுற்றாடல் அறிக்கை தயாரித்த நிபுணர் கொழும்பிலிருந்து வைகாசிக் கடைசியில் வந்து இரண்டு நாள் நின்றார். நல்ல மனிதர். மரங்களை எண்ணினார், இரைச்சலை அளந்தார், கழிவுநீர்க் குழிக்கு இடம் பார்த்தார். பின்புறத்தில் சைக்கிள் தடங்களைக் கண்டு, அறிக்கையின் முப்பத்தோராம் பக்கத்தில் ‘பத்தடி அகலமான ஒற்றையடிப் பாதை’ என்று எழுதினார். காணிக்குள் நீர்வழி எதுவும் இல்லை என்பது அவருடைய முடிவு. அந்த முடிவின் மேல்தான் பின்வரிசைக் கடைகள் வரையப்பட்டன.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அறுபத்துநான்கு பக்கங்களையும் நான்கு தடவை வாசித்தவன் நான். எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். காணி அளவின் பேர்ச் கணக்கில் இருந்த ஒரு பிழையைக் கண்டுபிடித்து என்னையே மெச்சிக்கொண்டேன். ஒற்றையடிப் பாதை எப்படிப் பத்தடி அகலத்தில் இருக்கும் என்று மட்டும் கேட்கவில்லை. நீர்வழி இல்லை என்ற கூற்றை விண்ணப்பத்திலும் சேர்த்து என் கையொப்பத்தையும் இட்டேன். கையொப்பமிட்ட அன்று பின்னேரம்கூட அந்தப் பாதையால்தான் வீட்டுக்குப் போனேன்.

அறிக்கை முப்பது நாள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. வந்த ஆட்சேபம் ஒன்றே ஒன்று. பாதைக்கு அப்பால் குடியிருக்கும் பதினொரு குடும்பங்களின் சார்பில் ராக்காயி என்பவர் கொப்பித்தாளில் எழுதிக் கொடுத்தது. எழுபத்தேழுக் கலவரத்தின்போது மலையகத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் வந்து குடியேறியவர். கச்சான் கடலை பயிரிட்டு எங்கள் சந்தையிலேயே விற்பவர். இறுதி நாளான வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை; அவர் திங்கட்கிழமை கொண்டுவந்தார். காலம் கடந்துவிட்டது, தள்ளிவிடலாம் என்றான் ஸுஹைப். இறுதி நாள் விடுமுறையானால் அடுத்த வேலைநாள் கணக்கில் வரும் என்பதை நானே சபைச் செயலாளருக்குச் சொன்னேன். வெளியே வந்ததும் அவன், அங்கிள், நீங்க எங்கட ஆளோ அந்தப் பக்கத்து ஆளோ என்று கேட்டான். நாட்கணக்கு இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான் என்றேன். நான் ஏதோ பெருந்தன்மையாக நடந்ததாக எண்ண வேண்டாம். அறிக்கை எங்கள் பக்கம் இருக்கிறது, ஒரு கொப்பித்தாள் அதை அசைக்காது என்ற துணிவில் சொன்னது அது.

புதன்கிழமை அமர்வில் ராக்காயி நின்றுகொண்டே பேசினார். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை. அது பாதையா, வாய்க்காலா என்று தவிசாளர் அம்மா கேட்டார். இப்ப பாதைதாங்க, கார்த்திகை வந்தா நாங்க எறங்கிக்குவோம், தண்ணி ஏறிக்கும் என்று பதில் வந்தது. ஓர் உறுப்பினர் விளையாட்டாக, அப்ப தண்ணியும் சைக்கிளிலயோ போறது என்று கேட்டார். இல்லீங்க, அது நடந்துதான் போகும், நீங்க அடைச்சா திரும்பி எங்க குசினிக்குத்தான் வரும், அதுக்கு வேற ஊரு தெரியாதுங்க என்றார் ராக்காயி. சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பின்னால் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் சிரிக்கவில்லை.

தவிசாளர் என் பக்கம் திரும்பி, சட்டத்தரணி ஐயா, நீங்களும் இந்த ஊர்தானே, என்ன சொல்லுறியள் என்று கேட்டார்.

‘அறிக்கையின் முப்பத்தோராம் பக்கத்தின்படி’ என்று தொடங்கும் பதில் என் கையில் தட்டச்சாக இருந்தது. அது பொய்யும் அல்ல. அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. அல்லது தவணை கேட்டு உம்முடைய அறிவுறுத்தலைப் பெற்றிருக்கலாம். தொழில் முறைப்படி அதுவே சரி. அடுத்த அமர்வு புரட்டாதியில், அத்திவாரம் மழைக்குள் அகப்பட்டுவிடும், ஆகவே தவணை கேட்கவில்லை என்று நான் உமக்கு நியாயம் சொல்லலாம். ஸுஹைபுக்கு அப்படித்தான் சொன்னேன். உமக்குச் சொல்ல மாட்டேன்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் இயக்கத்தார் உங்கள் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்ன நாளில் எனக்கு இருபது வயது. உம்முடைய வாப்பா கடையைப் பூட்டி, திறப்பை என் தகப்பனாரிடம் கொடுத்துவிட்டு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினார். நீர் ஒரு தகரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றீர். நான் வீதியோரம் நின்றேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆகவே நான் எதுவும் சொல்லவில்லை. அன்று ஒருவன் வாய் திறந்து எதையும் மாற்றியிருக்க முடியாது என்பதை நீரும் அறிவீர், நானும் அறிவேன். ஆனால் புதன்கிழமை என்னைக் கேட்டார்கள்.

அது வாய்க்கால்தான் என்று சொன்னேன். மாரியில் முழங்காலளவு தண்ணீர் போவதை நானே கண்டிருக்கிறேன் என்றும், விண்ணப்பத்தில் உள்ள கூற்று பிழையானது, பிழை என்னுடையது, விண்ணப்பகாரருடையது அல்ல என்றும் சொன்னேன். அறிக்கையில் அந்தப் பக்கம் திருத்தப்படும், பத்தடி அகலமும் திறந்தபடி விடப்படும், அதற்குக் கரை கட்டி, சனம் கடக்க ஒரு சிறு பாலமும் போடப்படும், அதனால் பின்வரிசையில் மூன்று கடைகள் குறையும் என்றேன். இத்தனையும் சொல்லி முடித்த பிறகுதான், இவற்றில் எதற்கும் எனக்கு உம்முடைய அனுமதி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. சபை பத்து நிமிடத்தில் ஏகமனதாக முடிவெடுத்தது.

படியிறங்கும்போது ஸுஹைப், காசு வாங்காத எதிர்த்தரப்பு லோயரை இண்டைக்குத்தான் அங்கிள் பாக்கிறன் என்றான். அவன் கோபப்பட உரிமையுள்ளவன். வாகனத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் வெயிலில் நடந்து வீடு சேர்ந்தேன். மனைவி சுகந்தினி நடந்ததைக் கேட்டுவிட்டு, இருபத்தெட்டு வருசத்தில இண்டைக்குத்தான் கடதாசியைப் பாக்காமல் கதைச்சிருக்கிறியள் என்று சொல்லி, கேளாமலே இரண்டாவது தேநீரும் தந்தாள். அவளிடமிருந்து வந்த பாராட்டாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை ஸுஹைப் வரைபடச் சுருளோடு வந்தான். முகம் இன்னும் தெளியவில்லை. மருந்துக்கடையை முன்பக்கம், மாடிப்படிக்குப் பக்கத்தில், மோட்டார் சைக்கிள் நிறுத்த விட்டிருந்த இடத்துக்குக் கொண்டுவந்திருந்தான். மருந்துக்கடை எண்டால் றோட்டைப் பாத்து இருக்கிறதுதான் சரி, முதலிலேயே நான் சொன்னனான் என்றான். அவன் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை, நான் மறுக்கவில்லை. மற்ற இரண்டு கடைகளுக்கு மாற்றிடம் இல்லை. மோட்டார் சைக்கிள்களை இனி எங்கே விடுவது என்பதும் முடிவாகவில்லை. இழப்பை நான் குறைத்துக் காட்டவில்லை என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

ராக்காயியும் பின்னேரம் வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று எண்ணி எழுந்து நின்றேன். சபை முடிவில் ஒரு பிரதி வேண்டும் என்றார்; முத்திரை தெளிவாக விழுந்திருக்க வேண்டும், நீங்க பேசினதை நம்புறேங்க, ஆனா நீங்களும் ஒருநாள் இல்லாமப் போவீங்கல்ல என்றார். இந்த ஊரில் என்னைவிடக் கவனமான ஒருவரைக் கண்டதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். செயலாளரிடம் கேட்டு இரண்டு பிரதிகள் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இனி நீர் செய்ய வேண்டியது. நிபந்தனையை ஏற்பதாகக் காணி உரிமையாளர் உறுதிமொழிப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும். தவணை இருபத்தொரு நாள்; செப்ரெம்பர் பத்தாம் திகதியோடு முடிகிறது. ஒப்பமிட்டால் அந்த வாரமே அத்திவாரம் வெட்டலாம். நீர் ஒப்பமிட மறுத்தால் அனுமதி செயலிழக்கும். அப்போது பழைய வரைபடத்தோடு புதிதாக விண்ணப்பிக்க உமக்கு முழு உரிமை உண்டு. நான் அதில் தோன்ற மாட்டேன். ஆனால் நீர் நியமிக்கும் சட்டத்தரணியிடம் கோப்பு முழுவதையும் ஒப்படைப்பேன். புதன்கிழமை நான் அதிகாரமின்றிப் பேசினேன் என்று எழுத்திலும் தருவேன். அது உமக்கு உதவும். எனக்கு எதிராக இருந்தாலும் உண்மை அதுவே. எப்படித் தீர்மானித்தாலும் உம்மீது எனக்கு ஒரு மனக்குறையும் இராது. இரண்டு நாளாக நான் நன்றாக நித்திரை கொள்கிறேன் என்பதை மட்டும் நீர் அறிய வேண்டும்.

உம் சார்பில் செயற்பட ஸுஹைபிடம் உள்ள அற்றோணித் தத்துவம் கடைகளை நிர்வகிக்க மட்டும் போதும். காணியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க அது செல்லாது. நீர் புத்தளத்தில் எந்த நொத்தாரிசிடமும் புதிதாக ஒன்று எழுதி அவனுக்கு அனுப்பினால் சட்டத்துக்குப் போதும். பயணம் அவசியமில்லை. உம்முடைய சட்டத்தரணி என்ற வகையில் இதைச் சொல்லக் கடமைப்பட்டவன், சொல்லிவிட்டேன்.

அதை அனுப்ப வேண்டாம், மீராசாகிபு. மீலாத் விடுமுறையோடு நீரே வாரும். ஸாலிஹா அவர்களையும் கூட்டிக்கொண்டு வாரும். ஒப்பமிடவோ, என்னை ஏசவோ, எதற்கானாலும் சரி. மறுபடி ஊருக்கு வந்துபோகத் தொடங்கிய இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நீர் வரும்போதெல்லாம் கடைக்கு மேலுள்ள அறையில் இரண்டு இரவு தங்கிவிட்டுத் திரும்புகிறீர். ஒருநாளும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நானும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. முன்னறையை வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஸாலிஹா அவர்களுக்குப் படியேறும் சிரமம் இராது. ஆட்டிறைச்சியை எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று சுகந்தினி ஸுஹைபிடம் கேட்டு வைத்திருக்கிறாள்.

உம்முடைய இறைவன் உங்கள் இருவரையும் வழியில் காத்து, சுகமாக இங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

என்றும் உம்முடைய,
ஐ. குலநாயகம்