நாகவல்லி வாசித்த கடிதம்

கொரட்டூர்,
சுக்கில வருஷம், மாசி 20

ரங்கூனில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குப் பூங்காவனம் கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, மில்லில் என்ஜின் பக்கம் போகும்போது வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு போகிறீர்களா என்பதுதான் எப்போதும் என் கவலை.

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இது நானே எழுதுவது. இதுவரை நான் சொல்லச் சொல்ல நாகவல்லிதான் உங்களுக்கு எழுதிவந்தாள். ஒரு வருஷமாக அவள் தன் சிலேட்டில் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். நீங்கள் வந்ததும் காட்டலாம் என்று இருவரும் மறைத்து வைத்திருந்தோம். இப்போது எழுத வேண்டியிருப்பது அவள் கையால் எழுத முடியாத விஷயம். எல்லோரும் கழனிக்குப் போன பிறகு, நாலு மத்தியானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. இந்த மாதம் ஐந்தாம் தேதி நம் குழந்தை நாகவல்லிக்குப் பத்து வயது நிறைந்தது. முதல் இரண்டும் தங்காமல் போய் இவள் பிறந்தபோது, பத்து வயது முடிகிற அன்று திருமுல்லைவாயில் அம்மனுக்குப் புடவை சாத்துவதாக நான் வேண்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். உங்கள் அண்ணன்தான் வண்டி கட்டினார். நீங்கள் கொடுத்தனுப்பிய பர்மாப் பட்டில் பாவாடை தைத்துப் போட்டேன். அம்பத்தூர் தாண்டும்வரை அது கசங்கிவிடும் என்று வண்டியில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தாள்.

நீங்கள் கப்பலேறும்போது அவள் என் இடுப்பு உயரம். இப்போது என் தோளைத் தொடுகிறாள். கடைசிப் பால் பல்லும் தையில் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில் பெண் பிள்ளை இவள் ஒருத்திதான். முன்பெல்லாம் உங்களை நினைத்தால் அழுவாள். இப்போது அழுவதில்லை, பேசாமல் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொள்கிறாள். எதையோ யோசிக்கிறாள் என்று தெரிகிறது. என்ன என்று கேட்டால் சொல்வதில்லை. வளர்கிறாள் என்பதை நான் அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கோயிலில் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கும்போது குத்தம்பாக்கத்திலிருந்து கங்காதரன் என்பவர் பெண்டாட்டியோடு வந்து இறங்கினார். வருவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அம்மாள் குழந்தையின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், பின்னலை அவிழ்த்து நீளம் பார்த்தாள், கொஞ்ச தூரம் நடந்து காட்டச் சொன்னாள். நாகவல்லி அவர்கள் தன் பிறந்த நாளுக்கு வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாடு முழுக்க ஒப்பித்தாள். அவர்கள் சிரித்தார்கள். நான் அவளைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

அவர்களுக்குப் பதினேழு வயதில் ஒரு பையன். பதினாலு வயதுக்குக் குறைந்த பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் தண்டனை என்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறதாம். ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் அது நடப்புக்கு வருகிறது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சுற்று வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பந்தல் போடுகிறார்கள். உங்கள் அண்ணன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "தம்பி இல்லாத நேரத்துல அவன் பொண்ணு நின்னுபோச்சின்னு ஒருத்தன் சொல்லிடக்கூடாது. பதினாலு வயசு வரிக்கும் ஊட்ல வெச்சிகினு இருந்தா அப்பால யாரு வருவான்?" என்று உங்கள் அண்ணி முனியம்மா அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாமல் உங்களுக்கும் ஆள் வைத்து எழுதியிருக்கிறார்.

அதற்கு நீங்கள் எழுதிய பதில் பன்னிரண்டாம் தேதி வந்தது. வழக்கம்போல உங்கள் அண்ணன் நாகவல்லியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். கூடத்தின் நடுவே நின்று வாசித்தாள். அண்ணன் பார்த்த இடம் நல்ல இடமாகத்தான் இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் மூச்சு விட்டுக்கொண்டாள். பிறகு, "எனக்காகக் காத்திருக்க வேண்டும்" என்று வாசித்துக் காகிதத்தை மடித்தாள். உங்கள் அண்ணன் மறுபடி வாசிக்கச் சொன்னார். தடுமாறாமல் அப்படியே வாசித்தாள். அவர், "பெத்தவன் சொல்றான். கேட்டுக்க வேண்டியதுதான்" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் உங்களை மனதுக்குள் கும்பிட்டேன்.

மூன்றாம் நாள் அவளுடைய பையில் கணக்குப் புத்தகத்துக்குள் அந்தக் கடிதம் இருந்தது. உங்கள் கையெழுத்தை நானே வாசிக்கலாம் என்ற ஆசையில் எடுத்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி அந்த இடத்துக்கு வந்தேன். "வேண்டும்" என்பதில் டு இருக்கிற இடத்தில் டா இருந்தது. எனக்குத்தான் எழுத்து மறந்துவிட்டதென்று அவள் எழுதிக் கொடுத்திருந்த வரிசையை எடுத்து வைத்து ஒத்துப் பார்த்தேன். டாதான். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். அதற்குக் கீழே அவள் வாசிக்காமல் விட்ட வரி ஒன்றும் இருந்தது. பங்குனிக்குள் முடித்துவிடுங்கள்.

அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கேட்டேன். அழவில்லை, மறைக்கவும் இல்லை. "நைனா தப்பா எழுதிட்டாரும்மா. நான் திருத்திப் படிச்சேன்" என்றாள்.

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.  நான் கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். அன்று முதல் நானும் அதில் கூட்டு.

என் தங்கை அன்னம்மாளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பதினோரு வயதில் கட்டிக்கொடுத்தோம், பதிமூன்றில் பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். நானும் பதினாறு முடியுமுன் இரண்டை மண்ணில் வைத்தவள். அப்போது மருத்துவச்சி சொன்னதை உங்களிடம் சொன்னதில்லை. "ஒடம்பு இன்னும் காயா கீது. அதுக்குள்ள மரத்தப் புடிச்சி உலுக்கிட்டாங்க" என்றாள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்போது உங்களுக்கும் ஒன்றும் தெரியாது.

கங்காதரன் இன்னும் விடவில்லை. தினம் ஆள் அனுப்புகிறார். வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அரிசிப் பானையைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்தக் கடிதத்தை வேறு யாராவது வாங்கி வாசித்துவிட்டால் குழந்தையின் கதி என்ன? உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அவள் வாசித்ததையே நீங்கள் எழுதி அனுப்பிவிடுங்கள். தந்தியானாலும் சரி.

உங்கள்
பூங்காவனம்


கொரட்டூர்,
பிரமோதூத வருஷம், சித்திரை 6

ரங்கூனில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குப் பூங்காவனம் எழுதுவது. வருஷம் பிறந்துவிட்டது. புது வருஷத்தில் உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

மாசியில் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. கப்பலில் தங்கிவிட்டதா, வந்து சேர்ந்தும் கோபத்தில் எழுதாமல் இருக்கிறீர்களா, உடம்புக்கு ஏதாவதா, ஒன்றும் தெரியவில்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வராமல் திரும்பும் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்றை நினைத்துக்கொள்கிறேன். அதனால் நடந்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

பங்குனி பதினைந்தாம் தேதி காலையில் கங்காதரன் சொல்லி அனுப்பினார். பத்து வயதுப் பெண் வாசித்ததை நம்பிக் காரியத்தை நிறுத்த முடியாது, சாயங்காலம் படித்த ஆள் ஒருவரோடு வருகிறேன், கடிதத்தை அவர் வாசிக்கட்டும் என்று. உங்கள் அண்ணனும் சரி என்றுவிட்டார். நாகவல்லி அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. "நானே பெரிநைனாகிட்ட சொல்லிடட்டுமா?" என்றாள். 

பானைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. போட்டுவிடலாம் என்றுதான் கை போயிற்று. போட்டால் கடிதம் எங்கே என்பார்கள், அந்தக் கேள்வி குழந்தையிடம்தான் போகும். எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்கள் அண்ணன் எதிரில் நின்று நான் பேசியது கிடையாது. அன்று பேசினேன். காத்திருக்க வேண்டாம் என்றுதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், நான்தான் குழந்தையை மாற்றி வாசிக்கச் சொன்னேன் என்றேன். அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். "ஒனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். கையை நீட்டினார், கொடுத்தேன். தனக்கு வாசிக்கத் தெரியாத அந்தக் காகிதத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். படித்தவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் குழந்தையை அணைத்தபடி நின்றேன்.  உங்கள் அண்ணன் கடிதத்தை எடுக்கவே இல்லை. "தம்பி எனுக்கு எழுதனத ஊரான் எதுக்குப் படிக்கணும்? எங்க ஊட்டு கடுதாசிய எங்க ஊட்டுப் பொண்ணு படிச்சிட்டா. அதுல நம்பிக்கை இல்லன்னா இந்த சம்பந்தமே வாணாம்" என்றார். கங்காதரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பதினெட்டாம் தேதிக்குள் அந்தப் பையனுக்கு வேறு ஊரில் ஏழு வயதுப் பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டார்களாம். அந்தக் குழந்தையை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் ஒன்றாம் தேதி கடந்துவிட்டது. நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அவர்கள் வந்துபோன நாள் முதல் உங்கள் அண்ணன் என்னோடும் பேசுவதில்லை, நாகவல்லியோடும் பேசுவதில்லை. சாப்பிடுகிறார், கழனிக்குப் போகிறார், வருகிறார். அவர் வந்ததும் அவள் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைக்கிறாள். குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைக்கிறார், அவளை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. முன்பு விதை மூட்டையின் மேல் இருக்கிற எழுத்தைக்கூட அவளைக் கூப்பிட்டுத்தான் வாசிக்கச் சொல்வார். "பெரிநைனா இனிமே என்னப் படிக்கவே கூப்பிட மாட்டாரா?" என்று கேட்கிறாள். பழியை நான் எடுத்துக்கொண்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.  என் பக்கத்தில் படுக்கும்போது முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குகிறாள், மூன்று வயதில் செய்ததுபோல.

நேற்று உங்கள் அண்ணன் அம்பத்தூர் போய் யாரிடமோ சொல்லி உங்களுக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டு வந்தார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பற்றி எழுதியிருந்தால் அது நியாயம்தான். அவர் வீட்டில் இருந்துகொண்டே அவரை ஏமாற்றினேன். எதிராளி முன்னால் எங்களைக் காட்டிக்கொடுக்காத மனுஷர் அவர். அதையும் நீங்கள் மறந்துவிடக்கூடாது.

நான்தான் வாசிக்கச் சொன்னேன் என்று அவரிடம் சொன்னது பொய். உங்களிடம் மட்டும்தான் உள்ளதைச் சொல்லியிருக்கிறேன். கோபம் இருந்தால் என் மேல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் ஆயிற்று, ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள். நேரில் எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் வருவதற்கு முன் கடிதம் எழுதுவீர்கள். அது அண்ணன் பெயருக்குத்தான் வரும். அவர் என்றைக்காவது மனம் இறங்கி நாகவல்லியைக் கூப்பிடுவார். எழுந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டு கூடத்தின் நடுவே வந்து நிற்பாள். இனிமேல் ஓர் எழுத்தைக்கூட மாற்றி வாசிக்கமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். நீங்கள் என்ன எழுதினாலும் அதை உள்ளபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி, தன் வாயால் வாசிக்கப் போகிறவள் அவள்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

உங்கள்
பூங்காவனம்