அலமாரியில் வைத்த முட்டைகள்

20 ஜனவரி 2025, திங்கள்

முப்பது கோழி முட்டைகளைத் திறந்தேன். இருபத்திரண்டில், கருவின் காலில் ஒரு விரல் குறைகிறது. குறையக் கூடாது.

கால் மொட்டின் ஓரத்துச் செல்கள் பக்கத்துச் செல்களுக்குச் சேதி அனுப்புவதால்தான் விரல்கள் உருவாகின்றன. அடை வைத்து எழுபத்திரண்டு மணி நேரத்தில் அந்தப் பேச்சு முடிந்துவிடும், அதன்பின் மருந்து போட்டுத் தடுத்தாலும் விரல் குறையாது. இதுதான் என் நெறியாளர் அப்பாதுரை சாரின் கட்டுரை. மூன்று வருடத்துக்கு முன் வந்தது. இரண்டாவது பெயர் என்னுடையது, எம்.எஸ்ஸி. மாணவியாக முட்டைகளைக் கையாண்டது நான்தான்.

இந்த முறையும் எழுபத்திரண்டு மணி கழித்துத்தான் மருந்து போட்டேன். இப்போது மட்டும் ஏன்?

22 ஜனவரி

"மருந்து ஜாஸ்தி போட்டிருப்பம்மா. கையில நிதானம் வேணும்."

அப்பாதுரை சார் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இதே கையைத்தான் அன்று எல்லாரிடமும் புகழ்ந்தார்.

12 பிப்ரவரி

மறுபடி முப்பது. இருபத்தொன்றில் ஒரு விரல் இல்லை. மருந்தை நான்கு முறை அளந்தேன்.

"அந்த இருபத்தொண்ணும் செத்துப்போச்சுன்னு போட்டுடு, எழில். கரு சாகறது சகஜம்தானே?"

அவை சாகவில்லை. உயிரோடு இருந்ததை எடுத்து நான்தான் கொன்றேன், எண்ணிப் பார்ப்பதற்காக. பொய் எழுதுவதற்காகவா கொன்றேன்? கோடை விடுமுறையில் இன்னொரு முறை செய்து பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பல்லைக் கடித்துத் தாடை வலிக்கிறது.

9 மே, வெள்ளி

அடி அண்ணாமலை கிராமத்து எல்லம்மா அக்காவிடம் நாட்டுக்கோழி முட்டை வாங்கினேன். எந்த முட்டை எந்த நாள் இட்டது என்று குறித்துக் கேட்டேன். "கோழிக்கு ஆதார் கார்டு எடுக்கணும்னாலும் சொல்லு, எடுத்துடலாம்," என்றார். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தேன். முட்டைகளை ஆய்வக அலமாரியில் வைத்தாயிற்று.

13 மே, செவ்வாய்

சித்ரா பௌர்ணமி கிரிவலக் கூட்டம். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேங்கிக்கால் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போக மூன்று நாள் முடியவில்லை. இன்று மதியம் போனால் அலமாரிப் பக்கம் வெப்பமானி முப்பத்தெட்டு டிகிரி காட்டுகிறது, அடைகாக்கும் இன்குபேட்டரின் சூடு. எல்லாம் வீண் என்று எறியப் போனவள், ஒன்றை உடைத்துப் பார்த்தேன்.

இன்குபேட்டரில் வைக்காத முட்டை. மஞ்சள் கருவின் மேல் வெள்ளைப் புள்ளி மட்டும்தான் இருக்க வேண்டும். அதன் நடுவே ஒரு கோடு. உடம்பு உருவாகத் தொடங்கும் முதல் கோடு.

பத்து உடைத்தேன். எட்டில் கோடு.

கட்டுரைக்கு எடுத்த முட்டைகளும் மே மாதத்தவை. இதே அலமாரி. நாங்கள் மணி பார்க்கத் தொடங்குமுன்பே அவை வளர ஆரம்பித்துவிட்டன. எழுபத்திரண்டு என்று எழுதியது உண்மையில் எண்பத்தைந்தோ, தொண்ணூறோ. ஜனவரி முட்டைகள்தான் சரி.

குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்தவள்தானே நான்? இந்த ஊர் மே மாதத்தில் எது குளிர்ந்த இடம்? ஏன் உறைக்கவில்லை? அவர் மேலுள்ள கோபத்தைவிட — சீ.

16 மே

கோடு விழுந்த முட்டைகளின் படங்களை சாரிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார். கட்டுரை வந்த பத்திரிகைக்கு நாமளே எழுதிடலாம்."

"முட்டைய அங்க வச்சது யாரு, நானா? உன் தீசிஸ்ல கையெழுத்து போடப்போறது யாரு? ரெண்டையும் யோசிச்சுக்கோ."

யோசிக்கணுமாம்! தெரியாம செஞ்சது தப்புதான், ஒத்துக்கறேன். தெரிஞ்சே மூடி வைக்கறதுக்கு என்ன பேரு? இதுல மிரட்டல் வேற.

17 மே

பத்திரிகைக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். முட்டைகளை அலமாரியில் வைத்தது நான் என்பதுதான் முதல் வரி.

4 ஜூன்

ஆய்வகத்தின் பூட்டை மாற்றிவிட்டார்கள். "அவர் கால்ல விழுந்தாவது படிப்ப முடிச்சிடக் கூடாதாடி?" என்றாள் அம்மா. சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டேன்.

19 நவம்பர், புதன்

சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் நேர்காணல். வெளியான கட்டுரைகள் எத்தனை என்றார்கள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்று இருந்தது, போன மாதம் திரும்பப் பெறப்பட்டது, பெறச் சொன்னது நான். ஏன் என்றும் சொன்னேன். யாரோ பேனாவை மூடும் சத்தம். முகம் எரிந்தது. எழுந்துவிடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

நேர்காணல் குழுவில் ஓரத்திலிருந்த அம்மாள் முன்னால் சாய்ந்தார்.

"சரிம்மா, அந்த செல்லுங்க பேச்ச நிறுத்தறது அப்ப எத்தனாவது மணி நேரத்துலதான்?"

இத்தனை மாதத்தில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

"தெரியாதுங்க மேடம்."

"கண்டுபிடிக்க எத்தன முட்ட வேணும்?"