ஏற்றுமதி வாத்துக்கு மட்டும் திருகாணி

அனுப்புநர்:
திருகாணி பூட்டும் தொழிலாளி,
நான்காம் மேசை, பொம்மைத் தொழிற்சாலை.

பெறுநர்:
பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
நுகர்பொருள் பாதுகாப்புத் துறை.

பொருள்: பாடும் வாத்துப் பொம்மையால் என் மகளின் தொண்டை வெந்தது, தங்கள் பதிலை நான் ஏற்க மறுப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் முதல் மனுவுக்கு இரண்டே சொல்லில் பதில் அனுப்பியிருந்தீர்கள்: "பெற்றோரின் கவனக்குறைவு." பதில் வந்ததே பெரிது. நன்றி.

2. அந்த வாத்தின் வயிற்றிலுள்ள பேட்டரி மூடிக்குத் திருகாணி பூட்டுவதுதான் ஆறு வருடமாக என் வேலை. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் வாத்துகள். தொழிற்சாலையின் ஆண்டு விழாவில் ஆளுக்கொரு வாத்து கொடுத்தார்கள். அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு வயது மகளின் கையில் கொடுத்தேன். நாம் பூட்டியது எப்படித் திறக்கும் என்ற திமிர்தான், ஐயா.

3. கொடுத்தது உள்ளூர்ச் சரக்கு. அதற்கு வெறும் அமுக்கு மூடிதான். அது பக்கத்துக் கட்டடத்தில் தயாராவதால் எங்கள் மேசைக்கே வராது; எங்களிடம் வருவது வெளிநாட்டுக்குப் போகும் வாத்து மட்டும். நகம் பட்டாலே திறந்துகொள்ளும். மகள் விழுங்கிய பட்டன் பேட்டரியை வெளியே எடுப்பதற்குள் அது தொண்டையைப் பொசுக்கிவிட்டது. இன்று அவளுக்குக் குழாய் வழியாகத்தான் பால். "அம்மா" என்று வாயசைக்கிறாள். சத்தம் வருவதில்லை.

4. மேற்பார்வையாளரிடம் சண்டைக்குப் போனேன். "அங்க சட்டம் இருக்கு, போடுறோம். இங்க யாரும்மா ஸ்க்ரூ கேக்குறாங்க?" என்றார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

5. வெளிநாட்டில் என் அண்ணன் மகனிடமும் இதே வாத்து இருக்கிறது. ஒரு வருடமாகச் சுவரில் போட்டு அடிக்கிறான், மூடி அசையவில்லை. அண்ணி ஒன்றும் அவனைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காப்பவர் அல்ல. பேட்டரி விழுங்கிய பிள்ளைகளை அங்கே வருடா வருடம் எண்ணி அறிக்கை வெளியிடுகிறார்களாம். இங்கே எத்தனை பேர் என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டேன். அப்படியொரு பதிவேடே இல்லை என்றார்கள். மகள் படுத்திருக்கும் இந்த ஆஸ்பத்திரி வார்டில் மட்டும் மூன்று பேர், ஐயா. நானே எண்ணினேன். மற்ற இரண்டு தாய்மார்களும் கவனக்குறைவானவர்கள்தான் போலிருக்கிறது!

6. கடைகளில் இருக்கும் வாத்துகளைத் திரும்பப் பெற உத்தரவிடுங்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் திருகாணி பூட்டச் சொல்லுங்கள். ஒன்றைப் பூட்டப் பன்னிரண்டு விநாடி ஆகும். என் கவனக்குறைவை நான் ஒப்புக்கொள்கிறேன். முகம் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் பூட்டினேன். என் பிள்ளைக்கு ஒன்று பூட்டவில்லை.

இந்த முறை தங்கள் கவனத்தை வேண்டும்,
(கையொப்பம்)

இடம்: பொது மருத்துவமனை, குழந்தைகள் பிரிவு, மூன்றாம் மாடி.
நாள்: மார்ச் 14, அவள் விழுங்கி நாற்பத்தோராம் நாள்.

இணைப்பு: திருகாணி ஒன்று.