இடது கால்

அன்பு மகளே,

கடவுள் நம்பிக்கையே இல்லாத நான் உன் அப்பாவின் வேலையை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று கேட்டிருந்தாய். சனிக்கிழமைதோறும் முதியோர் இல்லத்துக்குப் போய் அங்கிருப்பவர்களுக்கு நகம் வெட்டிவிடுவார். "இதுவும் ஆராதனைதான்" என்பார், நான் சிரிப்பேன். அவருடைய நகவெட்டி மேசையிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே கண் தெரியாத பழைய பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். வெந்நீர்ப் பாத்திரத்தைக் காலடியில் வைத்ததுமே சிரித்தார்.

"என்ன சார், ஒரு மாசமா ஆளையே காணோம்? நகம் பிரேக் பிடிக்காம ஓடுது."

அப்பா இறந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. பேசாமல் வலது காலைக் கழுவி, வெட்டி, துடைத்துவிட்டேன்.

"ஜெபத்தை மறந்துட்டீங்களே சார். அடுத்த காலுக்காவது பண்ணுங்க."

ஒவ்வொரு காலையும் இரண்டு கைகளாலும் பிடித்து, ஜெபித்த பிறகுதான் அப்பா வெட்டுவாராம். எனக்கு ஜெபிக்கத் தெரியாது. தெரிந்ததுபோல் நடிக்கவும் வராது. இடது காலை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று இதுவரை எழுதினேன். இன்று மறுபடியும் போனேன்.

"நேத்து வந்தது நான், சாரோட மனைவி. அவர் போயிட்டார்."

அவர் பாத்திரத்தைத் தடவிப் பார்த்து, இடது காலை அதற்குள் வைத்தார்.

"நீங்க வெட்டுங்கம்மா. ஜெபத்தை நான் பாத்துக்கறேன்."

அவர் முணுமுணுத்து முடிக்கும்வரை அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா